ஆறு தடவை எழுதிய நாலு

போன மாதம் எங்கள் பழைய சுகாதாரப் பணிமனையிலிருந்து ஒரு பிள்ளை தொலைபேசி எடுத்தாள். நான் ஓய்வு பெற்ற பிறகு என் இடத்துக்கு வந்த, தாய்மாரையும் குழந்தைகளையும் பார்க்கிற குடும்பநல மருத்துவமாது. தடுப்பூசி மருந்து வைக்கும் குளிரூட்டிக்குப் புதிதாக ஒரு கருவி வந்திருக்கிறதாம். வெப்பநிலையைத் தானே அளந்து, தானே பதிந்து, கூடினாலும் குறைந்தாலும் தானே கத்துமாம்.

"இனிக் காலமையும் பின்னேரமும் பாத்துப் பாத்து எழுதத் தேவையில்லை மிஸ். உங்கட காலத்தில எவ்வளவு கஷ்டப்பட்டிருப்பீங்கள்! எங்கட ஆண்டு மலருக்கு அதைப் பற்றி ஒண்டு எழுதித் தாங்கோவன்" என்றாள்.

கஷ்டமா? ஒரு நாளில் இரண்டு தடவை ஒரு கதவைத் திறந்து, ஒரு கண்ணாடிக் குழாயைப் பார்த்து, ஓர் எண்ணை எழுதுவதில் என்ன கஷ்டம் இருக்கிறது? அந்த ஒன்றைக்கூட நான் ஒழுங்காகச் செய்யவில்லை என்பதுதான் என்னிடம் இருக்கும் கதை. மலரில் போடுவார்களோ மாட்டார்களோ, எழுதிவிடுகிறேன்.

எனக்கு ஊர் வங்காலை. படித்து முடித்ததும் பயிற்சிக்குப் போனேன். பயிற்சியைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. பிரசவ அறையில் மயங்கி விழுந்தேன், ஏச்சு வாங்கினேன், பிறகு விழவில்லை. வேலை கிடைத்த காலம் சண்டைக் காலம். தடுப்பூசிப் பெட்டியைச் சைக்கிள் கரியரில் கட்டிக்கொண்டு போவேன். சோதனைச் சாவடியில் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு யோசிக்கிற ஆமிக்காரனிடம், குளிர் போய்விடும் என்ற பதற்றத்தில், எனக்குத் தெரிந்த ஒரே சிங்களச் சொல்லை வைத்து "வஹன்ன, வஹன்ன" என்று கத்துவேன். மூடு, மூடு என்று அர்த்தம். ஆயுதம் வைத்திருப்பவனைப் பார்த்து அப்படிக் கத்தின மனுசி நான். அவ்வளவு கண்ணும் கருத்துமாக இருந்தவள் என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

சண்டை முடிந்து சில வருடங்களில் என்னைப் பணிமனைக் குளிரூட்டிக்குப் பொறுப்பாக விட்டார்கள். அதற்குள் எனக்கு ஊரில் ஒரு பட்டப்பெயரும் வந்துவிட்டது: மணிக்கூட்டு மிஸ்ஸி. எங்கள் பக்கத்தில் தாதிமாரையும் மருத்துவமாதுகளையும் மிஸ்ஸி என்றுதான் கூப்பிடுவார்கள். விடிய நாலரைக்கு எழும்புவேன். செபமாலை, பிறகு கோயிலில் பூசை, பிறகு பஸ். எட்டு மணிக்குக் குளிரூட்டியின் முன்னால் நிற்பேன். கதவில் ஒரு மாதத்துக்கான தாள் ஒட்டியிருக்கும். ஒரு நாளுக்கு இரண்டு கட்டம். சிலுவை அடையாளம் போட்டுவிட்டு எண்ணை எழுதுவேன். மாலை நாலு மணிக்கு மறுபடியும் அதே. செபமும் எழுத்தும் எனக்கு ஒரே காரியமாகப் போய்விட்டன. அதில் எனக்குப் பெரிய பெருமை வேறு.

நான் சொல்ல வரும் கிழமைக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை, பிரசங்கத்தில் சுவாமியார் என்னைக் காட்டியே பேசினார். "ஒழுக்கம் எண்டால் என்ன எண்டு கேட்டால் நான் புத்தகம் தேடமாட்டன். எங்கட மிஸ்ஸியைப் பாருங்கோ. அவவைப் பாத்து மணிக்கூட்டைத் திருத்தலாம்" என்றார். கோயில் முழுக்கச் சிரித்துத் திரும்பிப் பார்த்தது. நான் தலையைக் குனிந்துகொண்டேன். குனிந்த தலைக்குள் சந்தோசம் பொங்கி வழிந்தது.

எங்களுக்கு அப்போது மேற்பார்வை மருத்துவமாதாக வந்திருந்தவர் ஹம்சியா. என்னைவிட எட்டு வயது இளையவர். தீவுப் பக்கத்து முஸ்லிம் குடும்பம். சின்ன வயதில் இடம்பெயர்ந்து, புத்தளத்தில் வளர்ந்து, படித்து, திரும்பி வந்தவர். அந்தப் பதவி எனக்குத்தான் வரும் என்று நான் நினைத்திருந்தேன். அதனால் அவர் என்ன சொன்னாலும் எனக்குக் கொஞ்சம் காரமாகத்தான் இருக்கும். அவர் என்னை அக்கா என்பார். நான் அவரை மிஸ் என்பேன், பல்லைக் கடித்துக்கொண்டு.

அவர் ஏசமாட்டார், குரலை உயர்த்தமாட்டார். ஆனால் ஒரு பழக்கம் இருந்தது. எதையும் பார்க்கும் முன் கண்ணாடியைக் கழற்றி, முக்காட்டு நுனியால் துடைத்து, மறுபடி போட்டுக்கொண்டுதான் பார்ப்பார். ஊசி எத்தனை இருக்கிறது என்று கேட்டால் நான் இருப்புப் புத்தகத்தைப் பார்த்துச் சொல்வேன். "அது புத்தகம் சொல்லுது அக்கா. பெட்டி என்ன சொல்லுது?" என்று கேட்டு, எழும்பிப் போய்ப் பெட்டியைத் திறந்து எண்ணுவார். இருபது வருடம் வேலை செய்தவளை இப்படியா சந்தேகிப்பது என்று எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அந்தக் கிழமை திங்கட்கிழமை பகல் நான் வீடு வீடாகத் தாய்மாரைப் பார்க்கப் போயிருந்தேன். நான் இல்லாத நேரத்தில்தான் அவர் இரண்டு நாள் பயிற்சிக்கென்று வெளிக்கிட்டிருக்கிறார். வியாழன் காலை பத்து மணிபோல் திரும்பி வந்தார். கைப்பையைக்கூடக் கீழே வைக்கவில்லை.

"இண்டைக்கு எவ்வளவு அக்கா?"

"நாலு மிஸ்."

"நேற்று?"

"நாலு. எப்பவும் நாலுதானே."

"எந்த வெப்பமானியில பாத்தனீங்கள்?"

இதென்ன கேள்வி என்று எனக்கு எரிச்சல் வந்தது. "பிரிட்ஜுக்குள்ள இருக்கிற வெப்பமானியிலதான். வேற எதில பாக்கிறது?"

அவர் கைப்பையைத் திறந்து, பிளாஸ்டிக் உறையில் போட்ட ஒரு கண்ணாடிக் குழாயை எடுத்து மேசையில் வைத்தார். எங்கள் வெப்பமானி. மேல் நுனியில் நான் கட்டிவிட்ட நீல நூலோடு.

"சரியாக் காட்டுதோ எண்டு பரிசோதிக்கக் குடுக்க வேணும் எண்டு திங்கட்கிழமை மத்தியானம் எடுத்துக்கொண்டு போனனான்" என்றார்.

கதவில் ஒட்டியிருந்த தாளைப் பார்த்தேன். திங்கள் மாலை, செவ்வாய் காலை, செவ்வாய் மாலை, புதன் காலை, புதன் மாலை, வியாழன் காலை. ஆறு கட்டம். ஆறிலும் நாலு. இல்லாத வெப்பமானியைப் பார்த்து ஆறு தடவை நாலு என்று எழுதியிருக்கிறேன். சிலுவை அடையாளமும் போட்டிருக்கிறேன்.

அதைவிட மோசமான ஒன்று அடுத்த நொடியில் நடந்தது. "மாற்று வெப்பமானி வைச்சுப் பாத்தனான்" என்ற பொய் என் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. யோசித்துச் சோடித்த பொய் இல்லை, தானாக வந்தது. பொய் சொல்லாதவள் என்று நான் என்னைப் பற்றி நினைத்துக்கொண்டிருந்தேனே, அந்த நினைப்பு அங்கேயே செத்தது. வாயைக் கையால் பொத்திக்கொண்டேன்.

ஹம்சியா குளிரூட்டியின் கதவைத் திறந்தார். நடுத்தட்டில், மருந்துப் பெட்டி ஒன்றுக்குப் பின்னால், ஈரத்தில் சுருண்ட ஒரு கடதாசித் துண்டு. அவருடைய கையெழுத்து: "வெப்பமானியைப் பரிசோதனைக்கு எடுத்திருக்கிறேன். மாற்று வெப்பமானி அலுமாரியில், இரண்டாம் தட்டில். அதை வைத்து எழுதவும்." துண்டை அவர் வைத்தது வெப்பமானி தொங்கும் இடத்தில். புதன் காலை சிகிச்சை நிலையத்துக்கு மருந்து எடுத்தபோது, மறைக்கிறது என்று அதைத் தள்ளி வைத்தது என் கைதான். கை தள்ளியிருக்கிறது. கண் பார்க்கவில்லை.

அலுமாரியிலிருந்து மாற்று வெப்பமானியை எடுத்து உள்ளே வைத்துக் கதவைச் சாத்தினோம். சுவரில் மணிக்கூடு ஓடிக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரத்தில் திறந்து பார்த்தபோது வெப்பமானி பூச்சியத்துக்குக் கீழே நின்றது. குளிர் கூட்டிக் குறைக்கும் திருகு கடைசி எண்ணுக்குத் திரும்பியிருந்தது. துடைக்கிறபோது யாருடைய துணியாவது பட்டுத் திரும்பியதோ என்னவோ, யாரென்று கடைசிவரை தெரியாது. தடுப்பூசி மருந்து இரண்டு பாகைக்கும் எட்டுப் பாகைக்கும் நடுவில் இருக்க வேண்டும். சூடு பட்டாலும் கெடும், உறைந்தாலும் கெடும். கக்குவான் முதலான ஐந்து நோய்களுக்கு எதிராகக் கைக்குழந்தைகளுக்குப் போடுகிற ஐங்கூட்டு மருந்து உறைந்தால் செத்த மருந்து. பிறகு உருகினாலும் திரும்ப உயிர் வராது.

புதன் காலை அந்தக் குப்பிகளைக் கையில் எடுத்தபோது "நல்லாக் குளிர்ந்திருக்கு" என்று நான் சந்தோசப்பட்டது ஞாபகம் வந்தது. அன்றைக்கு நறுவிலிக்குளம் பொதுமண்டபத்தில் பதினொரு குழந்தைகளுக்கு அந்த மருந்தைத்தான் போட்டேன்.

உறைந்ததா இல்லையா என்று கண்டுபிடிக்க ஒரு முறை இருக்கிறது. அதே தொகுதியில் ஒரு குப்பியை வேண்டுமென்றே உறைய வைக்க வேண்டும். மறுநாள் அதை உருகவிட்டு, சந்தேகமான குப்பியையும் அதையும் ஒரே கையில் பிடித்துக் குலுக்கி, பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி அரைமணி நேரம் அசையாமல் விட வேண்டும். கெட்ட மருந்தில் வெண்படிவு சுறுக்கென்று அடியில் இறங்கி, மேலே தண்ணீர் தெளிந்து நிற்கும். நல்ல மருந்து கலங்கலாகவே இருக்கும், மெல்ல மெல்லத்தான் இறங்கும்.

வெள்ளிக்கிழமை காலை உறைந்து உருகிய குப்பிக்கு அடையாளமாக ஹம்சியா ஒரு சிவப்புப் புள்ளி வைத்தார். நான்தான் குலுக்க வேண்டும் என்றார். குலுக்கினேன். மேசையில் வைத்துவிட்டு இருவரும் கதிரையில் உட்கார்ந்தோம். வெளியே படலையடியில் ஒரு கழுதை நிழலுக்கு நின்றது. மாதா, இது கலங்கலாகவே நிற்கட்டும் என்று மன்றாடினேன். அன்றைக்குத்தான் கனகாலத்துக்குப் பிறகு நான் சொன்ன செபத்தின் ஒவ்வொரு சொல்லையும் கேட்டேன்.

"எனக்கும் நடக்கிறது அக்கா" என்றார் ஹம்சியா, குப்பிகளிலிருந்து கண்ணை எடுக்காமல். "தொழுகையில நிண்டுகொண்டிருப்பன். வாய் ஓதிக்கொண்டிருக்கும். மனம் சந்தையில மீன் வாங்கிக்கொண்டு நிக்கும். மூண்டு ரக்அத் தொழுதனோ நாலு தொழுதனோ எண்டு தெரியாமப் போயிடும்."

"அப்ப என்ன செய்வீங்கள்?"

"குறைஞ்ச கணக்கை எடுக்க வேணும். மூண்டு எண்டு வைச்சு, மிச்சம் ஒண்டைத் தொழுது, கடைசியில மறதிக்கு எண்டு நிலத்தில நெத்தி வைச்சு இரண்டு சஜ்தா செய்ய வேணும். மறக்கிறவைக்கு எண்டே வைச்சிருக்கு. மறக்கேல்லை எண்டு நடிக்கிறவைக்குத்தான் ஒண்டும் வைக்கேல்லை."

பதில் சொல்ல நான் வாயெடுக்கும் முன் வலப்பக்கக் குப்பியில் படிவு இறங்கத் தொடங்கியது. அது சிவப்புப் புள்ளி வைத்தது. இடப்பக்கத்துச் சந்தேகக் குப்பியிலும் கூடவே இறங்கியது. சோடியாய் நடப்பதுபோல் இரண்டும் ஒன்றாகவே இறங்கின. பத்து நிமிடத்தில் இரண்டிலும் மேலே தெளிந்த தண்ணீர். அரைமணி முடியும்வரை ஹம்சியா எழும்பவில்லை. முறை அரைமணி என்றால் அவருக்கு அரைமணிதான்.

பணிமனைக்குப் பொறுப்பான டாக்டரிடம் போனோம். அவர் நல்ல மனிதர். கெட்ட மருந்து உடம்புக்குத் தீங்கில்லை, ஆனால் பாதுகாப்பும் இல்லை. திரும்பப் போட வேண்டும் என்றார். எல்லா மருந்தையும் ஒதுக்கி வைக்கச் சொல்லி, மேலே அறிக்கை எழுதினார். பிறகு என் முகத்தைப் பார்த்து இரங்கி, "தாய்மாருக்கு மருந்துத் தொகுதியில பிழை எண்டு சொல்லுங்கோ. அதுவும் பொய் இல்லையே. இவ்வளவு கால நம்பிக்கையை ஏன் கெடுப்பான்?" என்றார். எனக்கு மூச்சு வந்தது.

வெளியே வந்ததும் ஹம்சியா மாதத் தாளைக் கதவிலிருந்து கழற்றி என்னிடம் தந்தார். "அழிக்க வேண்டாம் அக்கா. ஒரு கோடு. மேல 'பார்க்கவில்லை' எண்டு எழுதி, ஒப்பம்." சிவப்புப் பேனையால் ஆறு தடவை எழுதினேன். "வீடுகளுக்குப் போய் என்ன சொல்லுறது எண்டு நான் சொல்லமாட்டன். நீங்கள் போட்ட ஊசி" என்றார்.

அவர் போன பிறகு பழைய தாள்களை எடுத்துப் பார்த்தேன். ஏன் எடுத்தேன் என்று தெரியாது. மாதம் மாதமாக நாலு, நாலு, நாலு. என் அழகான கையெழுத்து. ஜூன் மாதத் தாளில் வந்து நின்றேன். ஜூனுக்கு முப்பது நாள். தாள் பொதுவாக அச்சடித்தது, அதில் முப்பத்தொரு கட்டம் இருக்கும். முப்பத்தோராம் கட்டத்தில், காலைக்கு நாலு, மாலைக்கு நாலு. ஜூலை முதலாம் திகதியிலும் தனியாக நாலு இருந்தது. உலகத்தில் இல்லாத ஒரு நாளுக்கு நான் வெப்பநிலை எழுதியிருக்கிறேன். முன்கூட்டியே எழுதினேனா? பிறகு எழுதினேனா? ஒன்றுமே ஞாபகமில்லை. தாளை மடித்துவிட்டு நிலத்தில் உட்கார்ந்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை கோயிலே திரும்பிப் பார்த்துச் சிரித்ததே, அது இந்த மனுசியைத்தானா என்று என்னையே கேட்டுக்கொண்டேன்.

சனிக்கிழமை நறுவிலிக்குளம் போனேன். பத்து வீடு சொல்லி முடித்தேன். மருந்துத் தொகுதியில் பிழை என்று சொல்லத்தான் முதல் வீட்டுப் படலையைத் திறந்தேன். வாயைத் திறந்ததும், "நான் பாக்காமல் எழுதிப் போட்டன்" என்றுதான் வந்தது. ஒருவர் ஏசினார். ஒருவர் "பரவாயில்லை மிஸ்ஸி, தண்ணி குடியுங்கோ" என்றார். ஏச்சைத் தாங்கலாம், அந்தத் தண்ணீரைக் குடிக்க முடியவில்லை.

பதினோராவது வீடு பாக்கியத்தினுடையது. மலையகத்திலிருந்து வந்து குடியேறின குடும்பம். புருசனும் மனைவியும் கூலி வேலை. அவளுடைய மூத்த பெண் குழந்தை இடம்பெயர்ந்து ஓடின காலத்தில் இருமி இருமியே போனது. ஒரு ஊசியும் போட்டிருக்கவில்லை. இரண்டாவதாகப் பிறந்த இந்தப் பையனுக்கு ஊசி என்றதும் புருசன் பயந்து வேண்டாம் என்றான். அவன் முன்னால் நின்று "என்னை நம்புங்கோ. நான் பொறுப்பு" என்று சொன்னவள் நான். புதன்கிழமைக் கூலியை விட்டுவிட்டுத்தான் அவள் பிள்ளையைத் தூக்கி வந்தாள்.

வாசலில் நின்று எல்லாவற்றையும் சொன்னேன். வெப்பமானி இல்லாததையும், ஆறு நாலையும், குப்பி தெளிந்ததையும். பிள்ளை அவள் இடுப்பில் இருந்து என் குடையைப் பிடித்து இழுத்தது. அவள் அழவில்லை, ஏசவுமில்லை. ஒன்று கேட்டாள்.

"மத்த நாளெல்லாம் பாத்தீங்களா மிஸ்ஸி?"

ஓம் என்று சொல்ல எனக்கு எவ்வளவு ஆசை! ஆனால் ஜூன் முப்பத்தொன்று கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது.

"தெரியேல்லை பிள்ளை" என்றேன்.

அவள் என்னையே பார்த்தாள். பிறகு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். கதவைச் சாத்தவில்லை, ஆனால் திரும்பி வரவும் இல்லை.

செவ்வாய்க்கிழமை அதே பொதுமண்டபத்தில் சிறப்பு நாள் வைத்தோம். புது மருந்து, புது ஐஸ் பொதி. நீல நூல் கட்டின வெப்பமானி பரிசோதனை முடிந்து பெட்டிக்குள். ஒன்பது மணிக்குள் ஐந்து பேர் வந்தார்கள். பதினொன்றுக்குள் பத்துப் பேர். ஊசி போட்டேன், எழுதினேன், ஒவ்வொரு தடவையும் வாசலைப் பார்த்தேன். டாக்டர் மணிக்கூட்டைப் பார்த்தார். ஹம்சியா மட்டும் அவசரப்படாமல் பஞ்சு உருட்டிக்கொண்டிருந்தார். அந்தப் பிள்ளைக்கு இனி ஊசியே இல்லையென்றால் அதற்குக் காரணம் நான்தான். அவளுடைய மூத்ததைக் கொண்டுபோனது போர் என்று சொல்லலாம். இவனுக்கு ஏதும் வந்தால் யாரைச் சொல்வது?

பன்னிரண்டரைக்குப் பெட்டிகளைக் கட்டத் தொடங்கும்போது பாக்கியம் வந்தாள். வேலைக்குப் போன உடுப்போடு, காலில் சேறோடு. பிள்ளை தோளில் தூக்கம். நேராக மேசைக்கு வந்தாள்.

"பெட்டியத் தொறங்க மிஸ்ஸி. நான் பாக்கணும்."

நான் திறந்தேன். வஹன்ன என்று கத்தவில்லை.

"எவ்வளவு இருக்கணும்?"

"இரண்டுக்கும் எட்டுக்கும் நடுவில."

அவள் ஈரக் கையைச் சேலையில் துடைத்தாள். குனிந்து, நீல நூலைப் பிடித்து வெப்பமானியை நேராக்கி, கோடு கோடாக விரலை ஓட்டி எண்ணினாள்.

"அஞ்சு" என்றாள்.

நான் பேனையை எடுத்தேன். கட்டத்தில் ஐந்து என்று எழுதப் போனேன். அவள் என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"நான் பாத்துட்டேன். நீங்களும் பாருங்க மிஸ்ஸி."

பேனையை வைத்தேன். என் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, குனிந்து பார்த்தேன். ஐந்துதான். அதன்பிறகுதான் அவள் கதிரையில் உட்கார்ந்து பிள்ளையின் தொடையை என் பக்கம் திருப்பினாள்.